கறுப்பு ஜவ்வரிசி

தை, மாசி மாதங்களில் சேலத்திலிருந்து ஆத்தூருக்கு பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஊர்ப்பலகை தேவைப்படாது. மூக்கே இடம் சொல்லிவிடும். புளித்த மாவும் கெட்டுப்போன நெய்யும் கலந்ததுபோல ஒரு வாடை. பழக்கமில்லாதவர் கைக்குட்டையைத் தேடுவார். பழகியவர் "அரவை நடக்குது போல" என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொள்வார். சின்ன வயதில் பெரியப்பாவிடம் கேட்டிருக்கிறேன். "சேகோ தண்ணி புளிக்குது கண்ணு" என்றார். அதற்குமேல் கேட்கத் தோன்றவில்லை. யார் புளிக்க வைக்கிறார்கள், அதில் அவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்ற கேள்வி வர எனக்கு முப்பது வருஷம் ஆயிற்று.

கிடைப்பது சொற்பம். அந்தச் சொற்பத்தை அவர்கள் பங்கு போட்டுக்கொள்ளும் விதம்தான் இந்தக் கட்டுரை.

முதலில் சேகோ. அசல் சேகோ மலாயா, இந்தோனேசியப் பக்கம் விளையும் ஒருவகைப் பனையின் தண்டுச் சோற்றிலிருந்து எடுப்பது. ஜாவா அரிசிதான் நம் வாயில் ஜவ்வரிசி ஆயிற்று என்பார்கள். இரண்டாம் உலகப் போரில் அந்தக் கப்பல்கள் நின்றபோது, சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியாரும், பினாங்கில் இந்தத் தொழிலைப் பார்த்திருந்த போபட்லால் ஷாவும் சேர்ந்து, பனைக்குப் பதிலாகக் குச்சிக்கிழங்கை வைத்து 1943 வாக்கில் ஜவ்வரிசி உருட்டத் தொடங்கினார்கள். மற்ற ஊர்க்காரர்கள் மரவள்ளி என்பது எங்களுக்குக் குச்சிக்கிழங்கு. குச்சியை வெட்டி நட்டால் முளைக்கும், அவ்வளவுதான் பெயர்க்காரணம். 1981இல் ஆலைக்காரர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் வந்தது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

பிடுங்கிய கிழங்கு காத்திருக்காது. ஒன்றிரண்டு நாளில் உள்ளே நீலமும் கருப்புமாகக் கீற்றுகள் ஓடிவிடும். அதனால் லாரியிலிருந்து இறங்கியதும் கழுவி, தோல் உரித்து, துருவி அரைத்து, சல்லடையில் விட்டுப் பாலைப் பிரிக்கிறார்கள். சல்லடையில் தங்குவது திப்பி. அது மாட்டுத் தீவனத்துக்குப் போகும். பாலைத் தொட்டியில் நிறுத்தினால் மாவு அடியில் படியும். அந்த மாவுதான் உருண்டு, வறுபட்டு, சிமென்ட் களத்தில் வெயில் காய்ந்து ஜவ்வரிசியாகிறது. மேலே தேங்கிய தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். ஒரு டன் ஜவ்வரிசிக்குப் பல ஆயிரம் லிட்டர். படியாமல் போன நுண்மாவு, கொஞ்சம் சர்க்கரை, கொஞ்சம் புரதம், கிழங்கின் விஷத்திலும் ஒரு பங்கு எல்லாம் அதில் இருக்கும். பஸ்ஸுக்குள் வருவது இந்தத் தண்ணீரின் வாடை.

மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் மணிகளைக் கோத்த சரம். ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் நடுவிலுள்ள முடிச்சு எவ்வளவு உறுதியானது என்று அமெரிக்க வேதியியலாளர் ரிச்சர்ட் வுல்ஃபென்டனும் அவருடன் இருந்தவர்களும் 1990களில் கணக்கிட்டார்கள். அறை வெப்பத்தில், வெறும் தண்ணீரில் விட்டால் அந்த முடிச்சுகளில் பாதி தானாக அவிழ ஏறத்தாழ 50 லட்சம் ஆண்டு ஆகுமாம். சேர்வராயன் மலையடியில் மாவைக் கரைத்து வைத்துவிட்டு, மனித இனம் தோன்றி இன்றைக்கு வந்து சேரும்வரை காத்திருந்தாலும் பாதி தேறாது. ஆனால் ஆலைக்குப் பின்னால் தேங்கிய தண்ணீர் ஒரே ராத்திரியில் புளித்துவிடுகிறது. ஜவ்வரிசிப் பாயசத்தைச் சும்மா வாயில் வைத்துக்கொண்டிருந்தாலே நீர்த்துப்போகிறது.

50 லட்சம் ஆண்டை ஒரு ராத்திரியாகச் சுருக்குவது நொதி. ஆங்கிலம் வழியாக வந்த என்சைம் என்ற பெயரும் புழக்கத்தில் இருக்கிறது. எனக்கு நொதிதான் பிடிக்கும். நொதித்துப் பொங்கும் இட்லி மாவு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. நொதி ஒரு புரதம். நீளமான சரம் ஒன்று தன்மேல் தானே மடிந்து சுருண்டு ஒரு குழிவை உண்டாக்கிக்கொள்ளும். மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸின் குழிவில் குளுக்கோஸ் சரம் போய்ப் படுத்தால், முடிச்சு இருக்கும் இடம் இழுபட்டு, சற்றே முறுக்கேறி, பக்கத்தில் அதற்கென்றே இருக்கும் அமிலத் துணுக்கு தொட்டதும் அறுந்துவிடும். துண்டுகள் விலகும். குழிவு பழையபடி காலி. நொதி எதையும் இழப்பதில்லை, அடுத்த முடிச்சுக்குப் போய்விடும்.

பாக்டீரியாவுக்கு ஒரு சங்கடம். மாவுமணி அதைவிடப் பலமடங்கு பெரியது. வாயில்லாத உயிர் எப்படி விழுங்கும்? அது தன் அமைலேஸை வெளியே துப்புகிறது. தண்ணீரிலேயே உணவு செரிக்கிறது, செரித்த சர்க்கரையைத் தோல் வழியாக உறிஞ்சிக்கொள்கிறது. வயிற்றை வெளியே வைத்துக்கொண்டு சாப்பிடுவதுபோல. துப்பியவருக்கே அந்தச் சர்க்கரை போய்ச் சேரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. பக்கத்தில் ஒன்றும் துப்பாமல் காத்திருக்கும் ஆட்களும் உண்டு. இந்த உலகத்திலும் ஓசிச் சாப்பாடு இருக்கிறது.

சரி, சர்க்கரை உள்ளே வந்துவிட்டது. அடுத்து அதைச் சில்லறை மாற்ற வேண்டும். டவுன் பஸ்ஸில் 500 ரூபாய்த் தாளை நீட்டினால் கண்டக்டர் என்ன சொல்வார் என்று நமக்குத் தெரியும். குளுக்கோஸ் அப்படியொரு பெரிய தாள். செல்லுக்குள் நடக்கும் ஒவ்வொரு சின்ன வேலைக்கும் சின்ன அளவில் ஆற்றல் வேண்டும். அந்தச் சில்லறைக்குப் பெயர் ஏடிபி. அதைத் தசையிலிருந்து முதலில் பிரித்துக் காட்டியவர்களில் ஒருவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, காந்தியின் அழைப்பைக் கேட்டுக் கதர் உடுத்தியதால் அங்கே பேராசிரியரின் அதிருப்தியைச் சம்பாதித்தவர். ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க்குடன் சேர்ந்து 1929இல் ஏடிபியை அறிவித்தார். அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமானும் அறிவித்தார். சுப்பாராவுக்கு நோபல் கிடைக்கவில்லை. சென்னையில் படித்தவர்களில் எத்தனை பேருக்கு இவர் பெயர் தெரியும் என்று கேட்டுப் பார்த்தால் அது இன்னொரு வருத்தம்.

மனிதரானாலும் சேகோத் தண்ணீரில் நீந்தும் பாக்டீரியாவானாலும் சில்லறை இதே ஏடிபிதான். மாற்றும் வழியும் முதல் கட்டத்தில் பெரும்பாலும் ஒன்றுதான்: பத்து நொதிகள் வரிசையாக நின்று, ஒன்று முடித்துக் கொடுத்ததை அடுத்தது வாங்கி, ஆறு கரி கொண்ட குளுக்கோஸை மூன்று கரி கொண்ட இரண்டு துண்டாக்கும். அதில் தேறும் நிகர லாபம் இரண்டு ஏடிபி.

நமக்கு அதோடு முடிவதில்லை. உணவிலிருந்து உருவிய எலக்ட்ரான்களை மூச்சில் வரும் ஆக்சிஜனிடம் ஒப்படைக்கிறோம். ஆக்சிஜன் அவற்றை ஆவலாக வாங்கிக்கொள்ளும், அந்த இறக்கத்தில் நமக்கு மேலும் முப்பது ஏடிபி அளவுக்குக் கிடைத்துவிடும். சேகோக் குட்டையில் இதற்கு வழியில்லை. மேல்மட்டத்தில் கரைந்த ஆக்சிஜனை முதலில் வந்த கூட்டம் சில மணி நேரத்தில் தின்று தீர்த்துவிடுகிறது. கீழே இருப்பவர்கள் எலக்ட்ரானைக் கையில் வைத்துக்கொண்டு வாங்க ஆளில்லாமல் நிற்கிறார்கள். கொடுக்காவிட்டால் பத்து நொதி வரிசையே நின்றுபோகும். ஆகவே தாம் உடைத்த சர்க்கரைத் துண்டின் மேலேயே அந்த எலக்ட்ரானைச் சுமத்தி வெளியே தள்ளிவிடுகிறார்கள். அப்படித் தள்ளியது லாக்டிக் அமிலமாக இருந்தால் தயிரின் புளிப்பு. பியூட்டிரிக் அமிலமாக இருந்தால் ஊசிய நெய்யின் நாற்றம். வெண்ணெயைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்தே அந்தப் பெயர் வந்தது. நெய்க்குப் பேர்போன ராசிபுரம் பக்கமே இந்த வாடையும் வீசுவது யார் செய்த குறும்போ தெரியாது.

ஒரு மோல் குளுக்கோஸை முழுக்க எரித்தால் கிடைக்கக்கூடிய ஆற்றல் ஏறத்தாழ 2,870 கிலோஜூல். லாக்டிக் அமிலமாக்கி நிறுத்திவிடும் பாக்டீரியா அதில் அவிழ்ப்பது நூற்றில் ஏழு பங்குதான். இலையில் பாயசம் வரை பரிமாறியிருக்க, ஊறுகாயைத் தொட்டுவிட்டு எழுந்துபோவதுபோல. மிச்சம் அப்படியே அந்த அமிலத்துக்குள் கிடக்கிறது. மிச்சம் கிடந்தால் அதைத் தேடி யாராவது வருவார்கள்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கதை வருகிறது. அமெரிக்காவில் பார்க்கர் என்ற நுண்ணுயிரியலாளர் 1940 வாக்கில் ஒரு பாக்டீரியாவை விவரித்தார். சாராயத்தைத் தின்று மீத்தேன் விடுவது. ரஷ்ய விஞ்ஞானி ஒமெலியான்ஸ்கியின் பெயர் வைத்தார்கள். கால் நூற்றாண்டுக்கு மேல் பல ஆய்வகங்களில் அதை வளர்த்தார்கள், பாடப்புத்தகங்களில் எழுதினார்கள். 1967இல் மார்வின் பிரையன்ட்டும் அவர் கூட்டாளிகளும் அது ஓர் உயிரே இல்லை என்று காட்டினார்கள். இரண்டு பேர். முதலாமவர் சாராயத்தை அசிட்டிக் அமிலமாக்கி ஹைட்ரஜனை வெளிவிடுகிறார். இரண்டாமவர் அந்த ஹைட்ரஜனைக் கரியமில வாயுவோடு சேர்த்து மீத்தேன் ஆக்குகிறார்.

கூட இருக்கிறார்கள் என்பதல்ல செய்தி, பிரித்தால் முதலாமவர் பட்டினி கிடப்பார் என்பதுதான். அவருடைய வேலை ஹைட்ரஜன் சேரச் சேர நஷ்டத்தில் போகும். ஒரு கட்டத்தில் நின்றே போகும். பக்கத்து ஆள் அதை வந்த சூட்டோடு உறிஞ்சிக்கொண்டே இருந்தால்தான் அவருக்கு லாபம். பியூட்டிரிக், புரொப்பியானிக் அமிலங்களைத் தின்பவர்களின் நிலைமை இன்னும் மோசம். புரொப்பியானிக் அமிலம் உடைய வேண்டுமானால் சுற்றியுள்ள ஹைட்ரஜனின் அழுத்தம் காற்றழுத்தத்தில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருக்க வேண்டும். ஒருவர் சமைக்கும்போதே மற்றவர் பாத்திரம் கழுவினால்தான் நடக்கும் அடுக்களை அது.

அந்த மீத்தேன்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை. பார்க்க பாக்டீரியா மாதிரி இருப்பார்கள், ஆனால் பாக்டீரியா இல்லை. 1977இல் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் இவர்களின் ஆர்.என்.ஏ.வை ஒப்பிட்டுவிட்டு, உயிர்களில் இது தனிக் கிளை என்றார்கள். இன்று ஆர்க்கியா என்கிறோம். ஆக்சிஜன் பட்டால் ஆகாது. மீத்தேனை உண்டாக்கும் கடைசி நொதி நிக்கல் என்ற உலோகத்தை நடுவில் வைத்திருக்கிறது. இன்னொரு துணைப் பொருளால், ஊதா ஒளியை அடித்தால் நீலப்பச்சையாக மின்னுவார்கள். பசுவின் வயிற்றிலும் இவர்கள் உண்டு. அதனால்தான் புது எரிவாயுக் கலனைத் தொடங்கும்போது சாணத்தைக் கரைத்து ஊற்றுகிறார்கள், பாலுக்கு உறை ஊற்றுவதுபோல.

இப்போது சேகோ ஆலைகளில் பலவற்றில் அந்தத் தண்ணீரை மூடி வைக்கிறார்கள். சில இடங்களில் பெரிய குளத்தின் மேல் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு. வாயு சேரச் சேர அது பூரி மாதிரி உப்பும். சில இடங்களில் உயரமான தொட்டி, தண்ணீரை அடியிலிருந்து மேல்நோக்கி விடுவார்கள். இந்த இரண்டாவது முறை 1970களில் நெதர்லாந்தில் ஹாட்சே லெட்டிங்கா என்பவர் வளர்த்தெடுத்தது, அங்கே பீட்ரூட் சர்க்கரை ஆலைக் கழிவுக்கு. மேல்நோக்கிப் போகும் தண்ணீரோடு நுண்ணுயிர்கள் அடித்துப்போகக் கூடாதே என்று பார்த்தால், அவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு உருண்டு, மணிகளாகி, தொட்டியின் அடியில் தங்கிக்கொண்டன. அரை மில்லிமீட்டரிலிருந்து மூன்று மில்லிமீட்டர் வரை. கறுப்பு நிறம். உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தால் கறுப்பு ஜவ்வரிசி, வேறென்ன சொல்ல?

அந்த மணியை நறுக்கி மின்னணு நுண்ணோக்கியில் வைத்தவர்கள் பலவற்றில் அடுக்குகளைப் பார்த்தார்கள். வெளி அடுக்கில் சர்க்கரை தின்பவர்கள். அடுத்த அடுக்கில் அமிலம் தின்பவர்களும் அவர்களோடு ஒட்டினாற்போல ஹைட்ரஜன் உறிஞ்சுபவர்களும். நடுவே அசிட்டிக் அமிலத்தை உடைத்து மீத்தேனாக்கும் ஆர்க்கியா, இழையிழையாகப் பின்னிக்கொண்டு. ஒருவர் விட்டது அடுத்தவரை எட்ட ஒரு மயிரிழையின் பருமன்கூடப் பயணம் செய்ய வேண்டியதில்லை. தெருவில் இட்லிக்கடைக்குப் பக்கத்திலேயே பால்காரரும் விறகுக்கடையும் இருப்பதுபோல என்று சொல்லலாம். யாரும் வரைபடம் போட்டுக் கட்டவில்லை.

வேகம் மட்டும் ஒத்துவராது. சர்க்கரை தின்பவர்களில் சிலர் அரைமணியில் இரண்டாகிவிடுவார்கள். அசிட்டிக் அமிலத்தில் வாழும் அந்த இழைகளுக்கு நாள்கணக்கில் வேண்டும். அரவை மும்முரத்தில் ஒரேயடியாகத் தண்ணீரைத் திறந்துவிட்டால் முன்னே இருப்பவர்கள் அமிலத்தைக் குவிப்பார்கள், பின்னே இருப்பவர்களால் ஈடுகொடுக்க முடியாது, புளிப்பு ஏறும், புளிப்பில் மீத்தேன்காரர்கள் வேலையை நிறுத்துவார்கள், புளிப்பு இன்னும் ஏறும். தொட்டி பார்க்கிறவர் சுண்ணாம்பு போடுவார், தண்ணீரைக் குறைப்பார், ரொம்ப மோசமானால் மறுபடி சாணம் கரைப்பார். வயிறு சரியில்லாத பிள்ளைக்குக் கஞ்சி கொடுத்துத் தேற்றும் பக்குவம்தான்.

விஷத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் குச்சிக்கிழங்குக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். மரவள்ளித் தழையை மேய்ந்து ஆடு செத்த கதை இந்தப் பக்கம் எல்லாக் கிராமத்திலும் உண்டு. கிழங்கின் செல்லுக்குள் லினமரின் என்ற பொருள் ஓர் அறையில். அதை உடைக்கும் நொதி செல் சுவரில். முழுசாக இருக்கும்வரை இருவரும் சந்திப்பதில்லை. கடித்தால், நசுக்கினால், துருவினால் சந்திப்பார்கள், ஹைட்ரஜன் சயனைடு பிறக்கும். சயனைடு கொல்வது எப்படி? நான் மேலே சொன்ன அந்தக் கடைசிப் படியில், எலக்ட்ரானை ஆக்சிஜனிடம் கொடுக்கும் நொதியைப் போய் அடைத்துவிடும். ரத்தம் நிறைய ஆக்சிஜன் இருக்க, செல் மூச்சுமுட்டிச் சாகும். கால்நடை மருத்துவர் சோடியம் தயோசல்பேட் ஊசி போடுவது, உடம்பில் இருக்கும் இன்னொரு நொதிக்குக் கந்தகம் கொடுப்பதற்காக. அது சயனைடோடு கந்தகத்தை ஒட்டித் தீங்கு குறைந்த பொருளாக்கிவிடும். கழிவுநீர்த் தொட்டியில் இருப்பவர்களுக்கும் சயனைடு ஆகாதுதான். நிக்கல், இரும்பு என்று உலோகம் வைத்த நொதிகளில் அது ஒட்டும். கொஞ்சநாள் வாயு குறையும். பிறகு சயனைடையே உடைத்து அதன் நைட்ரஜனைச் சாப்பிடத் தெரிந்தவர்கள் பெருகுவார்கள், தொட்டி பழகிவிடும்.

ராசிபுரம் தாண்டி நாமக்கல் பக்கம் போனால் வாடை மாறும். 1997இல் சேலத்திலிருந்து பிரிந்த மாவட்டம். முட்டைக்கு ஊரறிந்த பெயர். கோழிப்பண்ணையில் கண்ணைக் கரிக்கும் அந்த நெடி அம்மோனியா. கோழி சிறுநீர் கழிப்பதில்லை. எச்சத்தின் மேல் வெள்ளையாகத் தெரிகிறதே, அந்த யூரிக் அமிலம்தான் அதன் கணக்கு. மூலக்கூறு ஒன்றுக்கு நான்கு நைட்ரஜன். அதை நுண்ணுயிர்கள் படிப்படியாக உடைத்து யூரியாவாக்கி, யூரியேஸ் என்ற நொதியால் அம்மோனியாவாக்கும். நொதி என்பது புரதம்தான் என்று முதலில் நிரூபணமானது இந்த யூரியேஸில்தான். 1926இல் ஜேம்ஸ் சம்னர் ஒருவகை வாளவரை விதையிலிருந்து அதைப் படிகமாக்கினார். பதினேழு வயதில் வேட்டை விபத்தில் இடது கையை இழந்தவர், அதுவும் இடதுகைப் பழக்கக்காரர். வலது கையால் எல்லாம் கற்றுக்கொண்டு செய்த வேலை. நம்பாத பெரியவர்கள் பல வருஷம் எதிர்த்தார்கள். 1946இல் நோபல் வந்தது.

கோழி எருவை மட்டும் கலனில் போட்டால் அம்மோனியா மிகுந்து மீத்தேன்காரர்கள் திணறுவார்கள். சேகோத் தண்ணீரிலும் திப்பியிலும் கரி மிகுதி, நைட்ரஜன் பற்றாக்குறை. ஒன்றில் இருப்பது மற்றதில் இல்லை. இரண்டும் முப்பது நாற்பது கிலோமீட்டருக்குள் மலைபோலக் குவிகிற ஊர் வேறு எங்கே இருக்கிறது? நாமக்கல் வட்டாரத்தில் கோழி எருவிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள், சேகோ ஆலைகள் தனியாக வாயு எடுக்கின்றன. இரண்டையும் ஒரே கலனில் சேர்க்கும் வேலை பெரிதாக நடந்து நான் பார்த்ததில்லை. லாரி வாடகை யார் தலையில் என்பதில் நின்றுவிடுகிறதோ என்னவோ.

கணக்கை முடித்துவிடலாம். குளுக்கோஸில் இருந்த 2,870 கிலோஜூலில், அமைலேஸ் துப்பியவர் முதல் நிக்கல் நொதிக்காரர் வரை அத்தனை பேரும் சேர்ந்து எடுத்துக்கொண்டது சுமார் 15 விழுக்காடு. மிச்சம் 85 மீத்தேனுக்குள் பத்திரமாக இருக்கிறது. அவர்கள் பெருந்தன்மையால் விட்டதல்ல, எரிக்க ஆக்சிஜன் இல்லாததால் விட்டது. வருமானம் குறைவு என்பதால் உடம்பும் குறைவாகத்தான் வளர்கிறது. காற்றூட்டிச் சுத்திகரிக்கும் முறையோடு ஒப்பிட்டால் சேறு சில மடங்கு குறைவு. மூடாத குட்டையில் இந்த மீத்தேன் வானத்துக்குப் போகும். நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 28 மடங்கு பூமியைச் சூடாக்கக்கூடியது அது. மூடினால் குழாயில் வரும்.

ஆத்தூர்ப் பக்கம் ஓர் ஆலையில் வறுக்கும் இடத்தில் நின்றிருந்தேன். சூடான தட்டின் மேல் ஈர மணிகள் புரண்டு, ஓரம் கண்ணாடியாகிக்கொண்டிருந்தன. அடியில் நீலத் தீ, சத்தமில்லாமல். வாடையும் இல்லை. எந்தக் கம்பெனி கேஸ் என்று கேட்டேன். வறுத்துக்கொண்டிருந்த அம்மா துடுப்பை நிறுத்தாமலே பின்பக்கம் தலையசைத்துக் காட்டினார்.

"போன வாரம் இதைக் கழுவுன தண்ணிதானுங்க."